ஜபமாலை தியானத்துக்குத் துணையா, இடைஞ்சலா?

ஏப்ரல் 11, இரவு 9.10 | திருநகர், மதுரை

108 மணி ருத்ராட்ச மாலை. காலையில் உட்கார்ந்து ‘சிவாயநம’. மணி நகர நகர, இது எத்தனையாவது, இன்னும் எத்தனை பாக்கி என்றுதான் உள்ளே ஓடுகிறது, மந்திரம் பின்னால் போய்விடுகிறது. மாலை இல்லாமல் மூச்சைக் கவனிக்கும் நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. தியானத்துக்கு மாலை இடைஞ்சல் என்பதுதான் என் கட்சி. நெடுநாளாக உருட்டுகிறவர்கள் மறுத்தால் காரணத்தோடு மறுக்கவும்.

ஏப்ரல் 11, இரவு 10.35 | மேலமாசி வீதி

மறுக்கிறேன் தம்பி. எண்ணுகிற வேலையை விரலிடம் ஒப்படைக்கத்தான் மாலை. ஒப்படைத்த பிறகும் மனசு எண்ணிக்கொண்டிருந்தால் விரலால் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று அர்த்தம். மனசைக் குற்றம் சொல்வதற்கு முன் மாலையைப் பார்க்கணும். மணி என்ன அளவு? மணிக்கு மணி முடிச்சு உண்டா? எந்த விரலால் தள்ளுகிறீர்கள்? கை எங்கே இருக்கிறது? ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம்?

ஏப்ரல் 12, காலை 6.50 | திருநகர்

மணி 10 மி.மீ. இருக்கும். முடிச்சு இல்லை, நெருக்கமாகக் கோத்தது. ஆட்காட்டி விரலால் தள்ளுகிறேன். கை மடியில். ஒரு சுற்று மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது.

ஏப்ரல் 12, இரவு 9.00 | மேலமாசி வீதி

நான்கு கோளாறு இருக்கிறது. நான்கும் கையிலும் நூலிலும்தான்.

முதலில் நெருக்கம். முடிச்சில்லாத மாலையில் மணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினால் ஒன்றரை மணி அகலத்துக்கு வெறும் நூல் தெரியணும். உங்களுடையதில் தெரியாது. இடம் இல்லாததால் ஒரு மணியை இழுத்தால் அடுத்ததும் கூடவே வரும். ஒன்று போனதா இரண்டு போனதா என்று விரலுக்குச் சந்தேகம் வந்த இடத்தில் மனசு எண்ண ஆரம்பித்துவிடும். உங்கள் தொல்லையில் முக்கால் பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது விரல். ஆட்காட்டி விரலை ஒதுக்கி வைப்பது வழக்கம். ஆணவத்தின் விரல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கைவாக்கிலும் காரணம் உண்டு: அந்த விரலால் தள்ளும்போது மணி கையை விட்டு வெளியே போகிறது, மணிக்கட்டும் சேர்ந்து ஆடுகிறது. மாலையை நடுவிரலின் மேல் மாட்டித் தொங்கவிடுங்கள். கட்டைவிரல் நுனியால் மணியை உங்கள் பக்கம் இழுங்கள். ஆட்காட்டி விரல் நீட்டியபடி சும்மா இருக்கட்டும். மோதிர விரலில் மாட்டி, நடுவிரல் நுனியும் கட்டைவிரலும் சேர்ந்து நகர்த்துவதும் உண்டு. எது கைக்கு வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாளுக்கொன்றாக மாற்ற வேண்டாம்.

கை மடியில் கிடந்தால் மாலை தொடையில் படிந்து இழுபடும், ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் பலம் போகும். நாபிக்குக் கீழே மாலை தொங்கக்கூடாது என்று சொல்லிவைத்ததும் இங்கே பொருந்துகிறது. நெஞ்சுக்கு நேரே கையை வைத்தால் மாலை தானாகத் தொங்கும். ஆனால் பத்து நிமிடத்தில் தோள் கனத்துவிடும். முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று கொடுங்கள். கோமுகிப் பை (கையை உள்ளே விட்டு மாலை உருட்டும் துணிப்பை) இருந்தால் மாலை பைக்குள்ளேயே கிடக்கும், கீழே தேய்க்காது.

வேகம். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி, மணிக்கு ஒன்றே முக்கால் விநாடிகூட இல்லை. ஐந்தெழுத்தை அந்த வேகத்தில் உச்சரிக்கலாம், உள்ளே இறங்காது. மூச்சுக்கு ஒரு மணி வையுங்கள். ஒரு சுற்று ஏழு நிமிடம் ஆகும்.

ஏப்ரல் 13, காலை 7.15 | மேலமாசி வீதி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஏழு நிமிடம் என்பது மூச்சு 4 விநாடிக்கு ஒன்று என்ற கணக்கு, 108 மணிக்கு 432 விநாடி. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு தானாக நீளும். பத்து விநாடிக்கு ஒரு மூச்சு என்று வந்துவிட்டால் அதே சுற்றுக்கு 18 நிமிடம். அதனால் நிமிடக் கணக்கை இலக்காக வைக்க வேண்டாம், கடிகாரத்தை எதிரில் வைக்கவே வேண்டாம். வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் சுற்றைக் குறைத்துக்கொள்ளலாம். 27 மணி மாலை ஒரு சுற்றே போதும். நான்கு சுற்று போனால் அதுவும் 108தான்.

ஏப்ரல் 13, இரவு 8.40 | கீழவெளி வீதி

மூச்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் இது. 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 23 பேரை வைத்துப் பார்த்தது. லத்தீனில் ‘ஆவே மரியா’ சொன்னாலும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து நின்றது. பத்து விநாடிக்கு ஒன்று, அண்ணன் சொன்ன அதே கணக்கு.

எங்கள் கத்தோலிக்கச் செபமாலையில் இது எப்படி அமைகிறது என்றால், சேர்ந்து செபிக்கும்போது செபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்வார், பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். ஒருவர் சொல்கிற நேரம் மற்றவருக்கு மூச்சு வாங்கும் நேரம். தனியாகச் சொல்கிறவர்கள் அந்த இடைவெளியை விட்டுவிட்டு ஓடிவிடுகிறோம், பாதி நேரத்தில் முடிந்துவிடும். தனியாக இருந்தாலும் முன்பாதியை வாயிலும் பின்பாதியை மனசிலும் சொல்லிப் பார்க்கலாம், நிதானம் வரும்.

இன்னொன்று. செபமாலையில் 59 மணி. 53 சிறியது, 6 பெரியது. பத்துப் பத்தாக ஐந்து தொகுதி, நடுவே தனியாக ஒரு பெரிய மணி. அதற்கு முன்னும் பின்னும் சங்கிலி இடைவெளி விட்டிருக்கும். இருட்டில் பிடித்தாலும் பத்து முடிந்தது என்று விரலுக்குத் தெரியும். திருநகர் நண்பருடைய மாலையில் மேருவை, அதாவது நூலின் இரு நுனியும் சேர்கிற தலைமணியைத் தவிர வழியில் எந்த அடையாளமும் இல்லை. இன்னும் எத்தனை என்று மனசு தேடுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல் 14, காலை 6.20 | நெல்பேட்டை

அனைவருக்கும் சித்திரை வாழ்த்து. கீழவெளி வீதிக்காரர் சொன்னது சரி. எங்கள் ஜபமாலையான 99 மணி தஸ்பீஹில் 33க்கும் 66க்கும் பிறகு வேறு வடிவத்தில் ஒரு குறுக்கு மணி இருக்கும், அது கணக்கில் சேராது. தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34, மொத்தம் 100. அந்தக் குறுக்கு மணி விரலில் தட்டியதும் நாக்கு தானாக அடுத்த சொல்லுக்கு மாறும். யோசிக்கவே வேண்டாம். 33 மணி தஸ்பீஹ் என்றால் மூன்று சுற்று, கடைசியில் நீள மணியில் ஒன்று.

விரலில் எண்ணுவதே சிறப்பு என்பவர்களும் எங்களில் உண்டு. விரலே சாட்சி சொல்லும் என்பார்கள். தஸ்பீஹ் கையில் இல்லாதபோது அதுதான் வழி.

ஏப்ரல் 14, இரவு 9.30 | மேலமாசி வீதி

அடையாள மணியை நான் யோசிக்கவில்லை பாய், நன்றி. திபெத்திய மாலைகளில் 27, 54, 81 இவற்றுக்குப் பிறகு இப்படி வைப்பதைப் பார்க்கலாம். நம் மாலையிலும் வைக்கலாம், ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அதில் மந்திரம் சொல்லக்கூடாது, விரல் அதைத் தாண்டிப் போகணும். மணி வேண்டாம் என்றால் அந்த இடத்தில் மட்டும் இரட்டை முடிச்சு போட்டால் போதும்.

மேரு அப்படியில்லை, அதைத் தாண்டக்கூடாது. 108-வது மணி முடிந்ததும் கட்டைவிரல் மேருவைத் தொடும். அங்கே நிறுத்துங்கள். கடைசி மணியைக் கட்டைவிரலும் நடுவிரலும் பிடித்தபடி மாலையை விரலிலிருந்து கழற்றி, உள்ளங்கையைப் புரட்டி, மறுபக்கமாக மாட்டுங்கள். இப்போது அந்தக் கடைசி மணியே முதல் மணி. வந்த வழியே திரும்பிப் போகணும். பழகும்வரை மாலை நழுவும். மந்திரம் சொல்லாமல், மடியில் துண்டை விரித்துக்கொண்டு, திருப்புவதை மட்டும் இருபது முப்பது தடவை செய்து பாருங்கள். இடது கையைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஏப்ரல் 16, மதியம் 2.05 | விளாங்குடி

அண்ணே, மணிக்கு மணி முடிச்சு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ருத்ராட்சத்தில் அது அவ்வளவு எளிதில்லை. துளை பெரிசாக இருந்தால் ஒற்றை முடிச்சு மணிக்குள்ளேயே போய்விடும். பிறகு இரண்டு மணி ஒட்டிக்கொண்டு பழைய கதைதான்.

நான் கோக்கும் முறை. 8 மி.மீ. மணி 108 என்றால் மணி மட்டுமே 86 சென்டிமீட்டர். முடிச்சோடு மாலைச் சுற்றளவு ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நூல் தின்னும், அதனால் நூல் 3 மீட்டர் எடுக்கணும். பூக்கட்டுகிற நூல் வேண்டவே வேண்டாம், மெலிசு. ஒரு மி.மீ. கனமுள்ள முறுக்குப் பட்டு நூல் அல்லது நாலு புரி பருத்தி. கோப்பதற்கு முந்தின ராத்திரி நூலை ஆணியில் மாட்டி, நுனியில் ஒரு பூட்டோ சின்னச் செம்போ கட்டித் தொங்கவிடணும். இல்லையென்றால் கோத்த ஒரே மாதத்தில் நூல் நீண்டு, முடிச்சுக்கும் மணிக்கும் நடுவே இடைவெளி விழும்.

ஒரு மணி கோத்ததும் தளர்வாக ஒரு முடிச்சு. அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு, ஊசி நுனியால் முடிச்சை மணியோடு சேர்த்துத் தள்ளி, நூலை இறுக்கிக்கொண்டே ஊசியை உருவணும். ஊசி இல்லாமல் இறுக்கினால் முடிச்சு பாதி வழியில் நின்றுவிடும், அவிழ்க்கவும் முடியாது. துளை பெரிசென்றால் வளையத்துக்குள் நூலை இரண்டு தடவை சுற்றி இறுக்கணும். ருத்ராட்சத்தின் ஒரு முனை முகம், மறுமுனை வால்; முகத்தோடு முகம், வாலோடு வால் சேர்கிற மாதிரி கோப்பதுதான் முறை.

ஏப்ரல் 16, இரவு 9.15 | மேலமாசி வீதி

விளாங்குடி அம்மா சொன்னதே சரி. என் கையில் இருப்பது 6 மி.மீ. துளசி, துளை சிறிது, ஒற்றை முடிச்சே நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு எல்லா மாலைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

பொருளுக்குப் பொருள் நூல் அறுகிற விதமும் மாறும். ஸ்படிகத்தில் துளையின் விளிம்பு கூர்மை, பருத்தி நூலை உள்ளேயிருந்தே அறுத்துவிடும். அதற்கு நைலான் சரி, முடிச்சும் கட்டாயம் வேண்டும். துளசிக்கும் சந்தனத்துக்கும் ஈரம் ஆகாது. மரம் ஊறித் துளை இறுகும், காயும்போது வெடிக்கும். குளிக்கும்போது கழுத்தில் கிடக்கிற மாலை வேறு, ஜபத்துக்கு எடுக்கிற மாலை வேறு என்று வைத்திருப்பது இதற்கும் உதவுகிறது. கார்த்திகையில் சபரிமலைக்குப் போட்ட மாலையையே ஜபத்துக்கும் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது விரத அடையாளமாகக் கழுத்தில் கிடப்பது. ஜபத்துக்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்வதே நல்லது.

ஏப்ரல் 19, காலை 11.40 | தெற்காவணி மூல வீதி

அவசரமாக ஒன்று. திருவிழாக் கடைகளில் குன்றிமணி கோத்த மாலை பார்க்க அழகாக இருக்கும், சிவப்பும் கறுப்புமாக. ஜபத்துக்கு அதை வாங்க வேண்டாம். விதைக்குள்ளே இருப்பது கடும் விஷம். ஓடு முழுசாக இருந்தால் பெரும்பாலும் ஆபத்து குறைவு. மாலைக்காகத் துளை போடும்போது அந்த ஓடு உடைகிறது. குழந்தை வாயில் போட்டுக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. தாவரவியலில் அதன் பெயர் ஏப்ரஸ் பிரிகடோரியஸ். இரண்டாவது சொல்லுக்குப் பிரார்த்தனை சம்பந்தப்பட்டது என்று பொருள், செபமாலைக்குப் பயன்பட்டதால் வந்த பெயர். முன்னே நிறுவைக்குத் தட்டில் போட்டது வேறு விஷயம், அது துளை போடாத முழு விதை. வீட்டில் அப்படி மாலை இருந்தால் குழந்தை கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 19, இரவு 10.00 | திருநகர்

குன்றிமணி விஷயம் எனக்குத் தெரியாது, நன்றிங்க. மீனாட்சி கோயில் எதிரே இருந்த புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகு எங்கே வாங்குவது என்றே தெரியவில்லை. சித்திரை வீதியில் ஒரு கடையில் ருத்ராட்சத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார்கள். மூழ்கினால் அசல் என்றார்கள். நம்பலாமா?

ஏப்ரல் 20, காலை 7.00 | மேலமாசி வீதி

நம்ப வேண்டாம். அசல் மணியே நன்றாகக் காய்ந்திருந்தால் மிதக்கும். கனமான மரத்தில் செதுக்கியது மூழ்கும். இரண்டு செப்புக் காசுக்கு நடுவே வைத்தால் சுற்றும் என்பதும் வீண், ஒழுங்கில்லாத எந்த உருண்டையும் அப்படி உருளும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். முகக் கோடு, அதாவது மணியின் மேல் முகங்களைப் பிரிக்கிற பள்ளம், ஒரு துளையிலிருந்து மறு துளைவரை அறுபடாமல் ஓடணும். கத்தியால் கீறிக் கூட்டிய கோடு ஆழமில்லாமல், நேராக, ஓரம் கூர்மையாக இருக்கும். கோடுகளில் பசை இருந்தால் ஊசிக்குத் தட்டுப்படும். ஐந்து முகமே வாங்குங்கள். மரத்தில் அதிகம் விளைவது அதுதான், விலை குறைவு, போலி செய்கிற ஆதாயமும் குறைவு. ஜபத்துக்கு முக எண்ணிக்கை பார்க்கத் தேவையில்லை. மணி ஒரே அளவாக இருக்கணும், அதுதான் விரலுக்கு வேண்டும். 10 மி.மீ. உங்கள் கைக்குப் பெரிது என்று தோன்றினால் 7 அல்லது 8.

ஸ்படிகத்துக்குச் சோதனை உண்டு. ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் கல். மோஸ் அளவில் அதன் கடினம் 7, கண்ணாடி சுமார் ஐந்தரை. அசல் கண்ணாடியைக் கீறும். கடையில் கீறிப் பார்க்க விடமாட்டார்கள். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள், உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. கன்னத்தில் வைத்தால் அசல் கூடுதல் நேரம் குளிர்ந்திருக்கும்.

ஏப்ரல் 23, இரவு 8.20 | விளாங்குடி

108 ஏன் என்று யாரும் இன்னும் கேட்கவில்லையே! 27 நட்சத்திரம், நான்கு பாதம் என்பது நம் வீடுகளில் சொல்வது. 12 ராசி, 9 கிரகம் என்றும் பெருக்குவார்கள். வேறு கணக்கு இருக்கிறதா?

ஏப்ரல் 23, இரவு 10.10 | மேலமாசி வீதி

இருக்கிறது. மாலைக்கு அக்ஷமாலை என்று ஒரு பெயர். அ முதல் க்ஷ வரை வடமொழி எழுத்து 50 என்று கொண்டு, ஏறுமுகமாக 50, இறங்குமுகமாக 50, எழுத்துகளின் வர்க்கங்களுக்கு (தொகுதிகளுக்கு) 8, ஆக 108. மாலை மேருவில் திரும்பி வந்த வழியே போவதோடு இது ஒத்துப்போவதால் எனக்கு இது பிடிக்கும்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். சமணர் மாலையிலும் 108தான், கணக்கு முற்றிலும் வேறு. அவர்கள் வணங்கும் ஐவரான பஞ்ச பரமேஷ்டிகளின் குணங்கள்: அருகர் 12, சித்தர் 8, ஆசாரியர் 36, உபாத்தியாயர் 25, சாதுக்கள் 27. கூட்டினால் 108. ஒவ்வொரு மணிக்கும் ஒரு குணம் என்று வைத்தால் அந்த மாலையே ஒரு பாடம்.

பெரிய உரு ஏற்றுகிறவர்களுக்கு, அதாவது ஒரே மந்திரத்தை லட்சக்கணக்கில் ஜபிக்கிறவர்களுக்கு, ஒரு வழக்கம். பத்து மாலை 1080 வரும், அதை ஆயிரம் என்றே எழுதுவார்கள். மிச்ச 80 நாக்கு தவறியதற்கும் மணி தவறியதற்கும். ஐந்தெழுத்துக்கு ஐந்து லட்சம் என்று எடுத்தால் நாளுக்கு ஆயிரமாக 500 நாள். விட்ட இடத்தைச் சந்தேகப்பட்டுத் திரும்ப எண்ண வேண்டாம், அந்த 80 அதற்குத்தான் இருக்கிறது.

மே 2, காலை 6.40 | திருநகர்

7 மி.மீ. ஐந்து முகம், முடிச்சுப் போட்டு, 27க்கு ஒரு இரட்டை முடிச்சு. பிடியையும் மாற்றியாகிவிட்டது. எண்ணுவது நின்றது, முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இப்போது வேறு தொல்லை. மூன்றாவது சுற்றில் தூக்கம் வருகிறது. சில நாள் மந்திரம் ஓடுகிறது, கை அதைவிட வேகமாக ஓடுகிறது.

மே 2, இரவு 9.20 | மேலமாசி வீதி

அந்த இரண்டையும் உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது மாலைதான் தம்பி. மூச்சை மட்டும் பார்த்து உட்கார்ந்தால் தூங்கிப்போனது தலை சாய்ந்த பிறகே தெரியும். மாலை இருந்தால் அதற்கு முன்பே கட்டைவிரல் ஒரே மணியில் நின்றுவிடும். மணியைப் பிடித்திருக்கிற அழுத்தம் தளரும், முடிச்சு விரல் ரேகையில் உறுத்தாமல் போகும். அதைக் கவனித்த உடனே மந்திரத்தை நாலைந்து மணிக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு உதடு மட்டும் அசையட்டும், உபாம்சு. தெளிந்ததும் மனசுக்குள். படி இறங்கி ஏறுவதில் குறைவு ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பில் மானசம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கே தூக்கம் அதிகம்.

கை முந்தினால் வேறு மருந்து. மந்திரம் முடிகிறவரை மணியை இழுக்காமல் பிடித்திருங்கள். கடைசி எழுத்து ‘ம’ அடங்கின பிறகு இழுங்கள். இழுக்கிற நேரம் மூச்சு உள்ளே வரும் நேரமாக இருக்கட்டும். பத்து மணிக்குள் கை அடங்கும்.

மே 3, மதியம் 1.15 | கீழவெளி வீதி

பஸ்ஸில் மாலை எடுக்கக் கூச்சமாக இருப்பவர்களுக்கு? நாங்கள் பத்து மணி மோதிரம் போட்டுக்கொள்வோம். உங்களில் என்ன?

மே 3, இரவு 9.45 | மேலமாசி வீதி

கரமாலை, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுவது. சந்தியாவந்தனத்தில் காயத்ரியை எண்ணுவது இப்படித்தான். வலது கையில் மோதிர விரலின் நடுக்கணுவில் ஆரம்பம். அதே விரலின் அடிக்கணு. சுண்டு விரலில் அடி, நடு, நுனி. மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆட்காட்டி விரல் நுனி, நடு, அடி. பத்து. நடுவிரலின் நடுக்கணுவும் அடிக்கணுவும் மேரு, அங்கே கட்டைவிரல் போகாது. ஒரு பத்து முடிந்ததும் இடது கையில் அதே வரிசையில் ஒரு கணு. இடது கையும் நிறைந்தால் நூறு, மேற்கொண்டு எட்டு. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருநகர் போய்ச் சேர்வதற்குள் நிதானமாக ஒரு 108 முடியும்.

மே 7, இரவு 8.30 | விளாங்குடி

கத்திரி ஆரம்பித்துவிட்டது, நூலைப் பாருங்கள். வேர்வை உப்பு பருத்தியை அரிக்கும். மாலை பெரும்பாலும் மேருவை ஒட்டித்தான் அறும், திருப்புகிறபோது நூல் மடிகிற இடம் அது. அங்கே நூல் கறுத்துப் பிசிறு தெரிந்தால் காத்திருக்காமல் பிரித்துக் கோத்துவிடுங்கள். ருத்ராட்சத்துக்கு எண்ணெய் போடுவதென்றால் பிரித்த அன்றே, மணிகளை மட்டும் நல்லெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்து, துணியில் துடைத்துக் காயவைத்து, பிறகு புது நூல். கோத்த மாலைக்கு எண்ணெய் போட்டால் நூல் குடித்துத் தூசி ஒட்டும். சோப்பு வேண்டாம், மணி வறண்டு விரியும். தாம்பாளத்தில் துணி விரித்து அதன்மேல் வைத்துப் பிரியுங்கள், மணி உருண்டு ஓடாது. கடைசியில் இரண்டு நுனியையும் சேர்த்து மேருவுக்குள் விட்டு முடிச்சு. நைலான் என்றால் நுனியை ஊதுபத்தி நெருப்பில் தொட்டால் உருகி நின்றுவிடும். பருத்தியும் பட்டும் என்றால் கருக்க வேண்டாம், இரண்டு அங்குலம் விட்டுக் குஞ்சமாகப் பிரித்துவிடுங்கள்.